ஏழு கிலோ சர்வர்

நான்காயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேரின் ரத்த வகை அகோர்ஃபா டோக்பேயின் பொறுப்பில் இருந்தது. 2023 பிப்ரவரி 14, செவ்வாய்க்கிழமை விடியலில், கபாண்டு நிலையத்தில் தலைநகர் அக்ராவுக்குப் போகும் வண்டியில் ஏறியபோது அவருக்கு வயது ஐம்பத்தொன்று. மிஷன் மருத்துவமனையில் பதிவு அலுவலர். கைப்பையில் ஒரு திருப்புளியும் ஒரு பென் டிரைவும் இருந்தன. இடுப்புத் துணிக்குள் எட்டாயிரத்து ஐந்நூறு சேடி பணம் முடிந்திருந்தது. பக்கத்து இருக்கைக்காரர், "எங்கம்மா, அக்ராவுக்கா?" என்று கேட்டார். அந்த வண்டி அக்ராவைத் தவிர வேறெங்கும் போகாது. இருந்தும் அகோர்ஃபா, "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

கபாண்டுப் பக்கத்தில் ரத்தம் பெரும்பாலும் நடந்துதான் வரும். மருத்துவமனைக் குளிர்பெட்டியில் நல்ல நாளில் எட்டுப் பை இருக்கும், மோசமான நாளில் இரண்டு. ஆகவே சுற்றியுள்ள எட்டு சுகாதார நிலையங்களில் யாருக்காவது ரத்தம் போகிறது என்றால், நர்ஸ் முதலில் கைபேசியில் அகோர்ஃபாவின் பதிவேட்டைத் திறப்பார். அந்த ஊரில் பொருந்துகிற ரத்தம் யாருக்கு, அவர் கடைசியாக எப்போது கொடுத்தார் என்று பார்ப்பார். போய்க் கதவைத் தட்டுவார். நோயாளியை ஏற்றும் அதே டாக்ஸியில் கொடையாளியையும் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்புவார். மருத்துவமனைக் கூரைக் கம்பத்திலிருந்து எட்டு நிலையங்களுக்கும் நேரடி ரேடியோ இணைப்பு உண்டு. வெளி இணையமோ, சாலை தோண்டுகிறவர்கள் கடப்பாரை போடும்போதெல்லாம் செத்துப்போகும். அதனால் பதிவேடு எங்கோ தொலைவில் இருந்து பயனில்லை. மருத்துவமனைக்குள்ளேயே ஓட வேண்டும்.

அது ஓடிக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டரின் டிஸ்க், ஜனவரியிலிருந்து நகத்தால் மேசையைத் தட்டுவதுபோலச் சத்தம் போட ஆரம்பித்திருந்தது. அது நின்றுபோனால், எந்தக் கதவைத் தட்டுவது என்று எந்த நர்ஸுக்கும் தெரியாது. நிர்வாகக் குழு எட்டாயிரத்து ஐந்நூறைக் கொடுத்து, இது ஒரே தடவைதான், மறுபடி வந்து கேட்கக் கூடாது என்றது.

அகோர்ஃபா எதையும் தூக்கிப் பார்த்தே வாங்குவார். 2016இல் இதே மருத்துவமனைக்கு அவர் வாங்கிய இன்வெர்ட்டர் பேட்டரி நாற்பது நாளில் படுத்துவிட்டது. பிரித்தால் உள்ளே தகடு பாதி, காற்று பாதி. அந்தப் பக்கத்தில் இந்தப் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. பேட்டரியோ இஸ்திரிப் பெட்டியோ போன் சார்ஜரோ, கையில் கனத்தால் அசல், லேசாக இருந்தால் போலி. அகோர்ஃபா அதைக் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போயிருந்தார், அவ்வளவுதான். ஒருமுறை ஞானஸ்நானத்துக்கு வந்த குழந்தையைத் தாயிடமிருந்து வாங்கித் தூக்கி, "நீங்க சொன்னதவிட இருநூறு கிராம் கம்மி" என்று திருப்பிக் கொடுத்தாராம். ஊரே சொல்லிச் சிரிக்கும் கதை அது. அவர் மறுக்கவில்லை.

என்ன வாங்க வேண்டும் என்று எட்சேதான் எழுதிக் கொடுத்திருந்தான். முப்பது வயது. எக்ஸ்ரே அறைக் கம்ப்யூட்டரிலிருந்து பாதிரியாரின் மைக் வரை மருத்துவமனையில் கம்பி உள்ளதெல்லாம் அவன் வேலை. ஊரில் எல்லோரையும்போல அவனும் அவரை டாவி என்று, அக்கா முறை வைத்துத்தான் கூப்பிடுவான்.

"சர்வர்னா பெருசா இருக்கணும்னு இல்ல டாவி. ரெண்டு டிஸ்க் இருக்கணும், ரெண்டுலயும் ஒரே நேரத்துல எழுதணும். ஒண்ணு செத்தா இன்னொண்ணு நிக்கும். ராம் தப்பு பண்ணினா அதுவே கண்டுபிடிச்சுத் திருத்திக்கிற மாதிரி ராம் வேணும். கரண்ட் கம்மியா குடிக்கணும். ப்ராசஸர் சுமாரா இருந்தாப் போதும்."

"சுமார்னா எவ்வளவு?"

"எட்டு நர்ஸம்மாவோட கட்டைவிரல் வேகத்துக்கு ஓடினாப் போதும். நாம என்ன ராக்கெட்டா விடறோம்?"

அகோர்ஃபா எழுதிக்கொண்டார்.

"அக்ரால சர்க்கிள்னு கம்ப்யூட்டர், போன் விக்கற சந்தை இருக்கு. அங்க ஒடார்ட்டேன்னு ஒருத்தர் இருக்கார். ரெண்டாவது மாடி, போர்டு இருக்காது. நான் அனுப்பினேன்னு சொல்லுங்க."

அகோர்ஃபா பேனாவைக் கீழே வைத்தார். "எதுக்குச் சொல்லணும்?"

"சும்மாதான். நல்லாக் கவனிப்பார்."

"யாரை? என்னையா, உன்னையா?"

எட்சே சிரித்தான். அந்தச் சிரிப்பு அரை விநாடி தாமதமாக வந்ததாக அகோர்ஃபாவுக்குப் பட்டது. அவன் போனதும் ஒடார்ட்டே என்ற பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார். பெயர் தெரிகிற மாதிரி, மெல்லிய கோடுதான்.

சர்க்கிளில் வண்டியைவிட்டு இறங்கிய ஐந்து நிமிடத்துக்குள் நான்கு பேர் அவர் கையைப் பிடித்து இழுத்தார்கள். போன் கவர், போன் ஸ்கிரீன், லேப்டாப், போன் கவர். அகோர்ஃபா எல்லோரிடமும் தான் குமாசி நகரத்துக்காரி என்றும், பல் டாக்டரைப் பார்க்க வந்ததாகவும் சொன்னார். கடைசியில் கண்ணாடிக் கதவும் ஏ.சி.யும் உள்ள ஒரு கடைக்குள் தானாகவே நுழைந்தார். கூப்பிடாத கடை என்பதே அவர் அதைத் தேர்ந்தெடுத்த காரணம்.

கடைக்காரர் ட்வுமாசி இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். "வாங்க மேடம், உக்காருங்க. வெயில் உங்களுக்குச் சேராது."

"எனக்கு எது சேரும்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"சும்மா மரியாதைக்குச் சொன்னேன் மேடம்."

சர்வர் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. உள்ளேயிருந்து இரண்டு பேர் கறுப்பு நிறத்தில் இடுப்பளவு உயரப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்கள். முன்பக்கத்தில் நீல விளக்குகள்.

"லண்டன்ல ஒரு பேங்க்ல ஓடினது. ஏழாயிரத்து எண்ணூறு. மேடம் முகத்துக்காக ஏழாயிரத்து இருநூறு."

"நல்லா ஓடினா பேங்க் ஏன் வித்தான்?"

"புதுசு வாங்கிட்டான்."

"இது நல்லா இருக்கறப்ப புதுசு எதுக்கு?"

"மேடம், வெள்ளைக்காரன் பண்றதுக்கெல்லாம் நான் எப்படிக் காரணம் சொல்றது? நீங்க தூக்கிப் பாருங்க. தூக்கிப் பாத்தாலே தெரியும்."

அகோர்ஃபா தூக்கினார். இருபது கிலோவுக்குக் குறையாது. தோள்வரை அந்தக் கனம் ஏறியபோது மனசு நிறைந்துதான் போனது. இடுப்பு முடிச்சின் பக்கம் கைகூடப் போய்விட்டது. போன கை அங்கேயே நின்றது.

தூக்கிப் பார்க்கலாமா என்று அவர் கேட்கவே இல்லை. இந்த ஆள் தானாகத்தான் சொன்னான்.

ஊர்ப்பக்கத்து ஆட்கள் கனம் பார்த்துத்தான் வாங்குவார்கள் என்று சர்க்கிளுக்கு எப்போது தெரிந்தது? தெரிந்தால் சர்க்கிள் என்ன செய்யும்? அகோர்ஃபா பெட்டியைக் கீழே வைத்தார். பையிலிருந்து திருப்புளியை எடுத்தார்.

"மேடம், அதுல சீல் இருக்கு. திறந்தா கேரண்டி போயிடும்."

"எத்தனை நாள் கேரண்டி?"

"மூணு நாள்."

"அந்த மூணு நாள் எனக்கு வேண்டாம்."

பக்கவாட்டுத் தகடு கழன்றது. அவ்வளவு பெரிய பெட்டியின் நடுவில், பெரிய வீட்டில் குடியிருக்கும் ஒற்றை ஆள் மாதிரி, சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரின் பலகை ஒன்று இருந்தது. கனத்துக்கு அது காணாது. அகோர்ஃபா பவர் சப்ளையின் நான்கு ஸ்க்ரூவையும் கழற்றி, மூடியைத் தூக்கினார். சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சர்க்யூட். மீதி இடமெல்லாம் கறுப்பு டேப் சுற்றிய ஒரு கட்டி. டேப்பை நகத்தால் கிழித்தார். சாம்பல் நிறம். சுரண்டினால் மண் உதிர்ந்தது. கடையின் கோடியில் அட்டைப்பெட்டி போட்டு மூடியிருந்த இன்னும் மூன்று கறுப்புப் பெட்டிகள் அப்போதுதான் அவர் கண்ணில் பட்டன.

"இது என்ன?"

ட்வுமாசி கண் சிமிட்டாமல் சொன்னார்: "சூட்டை உறிஞ்சறதுக்கு மேடம். புது டெக்னாலஜி."

"எங்க ஊர்ல இதை வச்சு வீடு கட்டறோம்."

வாசலில் நின்றிருந்த போன் கவர் வியாபாரி கவரையெல்லாம் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். "சேர்மன், இன்னும் நாலு சர்வர் குடுங்க, ஆன்ட்டி ஒரு மாடி எழுப்பிடுவாங்க!"

அகோர்ஃபா வெளியே வந்து ஒரு தண்ணீர்ப் பாக்கெட் வாங்கிக் கடித்தார். ஏமாந்திருந்தால், சிமெண்ட் கட்டியை மருத்துவமனையின் மேசைமேல் ஏற்றி வைத்திருப்பார். ஏழு வருடம் அவர் நம்பியது அவருடைய சொந்தக் கை ஒன்றை மட்டும்தான். அந்தக் கையை எப்படி ஏமாற்றுவது என்று ஊருக்கே தெரிந்திருக்கிறது. இனி எதை வைத்துப் பார்ப்பது? பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். எட்சே சொன்ன நாலு விஷயமும், கோடு இழுத்த ஒரு பெயரும் இருந்தன.

ஒடார்ட்டே கடையில் ஏ.சி. கிடையாது. அவர் தரையில் பலகை போட்டு உட்கார்ந்து, பொரித்த மீனும் மிளகாய்ச் சாந்தும் வைத்துக் கெங்கே என்ற சோளமாவு உருண்டையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

"என்ன வேணும்?"

"சர்வர். என் தம்பி பள்ளிக்கூடம் நடத்தறான், குமாசில. அதுக்கு."

ஒடார்ட்டே ஒரு முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார். "கபாண்டுல இருந்து ஒரு அம்மா திருப்புளியோட வருவாங்க, குமாசின்னு சொல்வாங்கன்னு எட்சே போன் பண்ணினான். திருப்புளி கொண்டு வந்திருக்கீங்களா, இல்ல நான் தரணுமா?"

அகோர்ஃபா ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார். முதலில் பெட்டியை அழுத்திப் பார்த்துக்கொண்டார்.

இந்த ஆள் எதையும் எடுத்துக் காட்டவில்லை. கேள்விதான் கேட்டார். எத்தனை பேர் பார்ப்பார்கள்? ஒரே நேரத்தில் எத்தனை பேர்? ஒரு நாளில் புதிதாக எத்தனை பதிவு? கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் போகும்? பேட்டரி எத்தனை? அகோர்ஃபா ஒவ்வொன்றுக்கும் இதைத் தெரிந்துகொண்டு இவன் என்ன செய்வான் என்று ஒருமுறை யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். எட்டு நிலையம். ஒரே நேரத்தில் மூன்று பேருக்குமேல் பார்த்ததில்லை. பதிவு பத்து, பதினைந்து. கரண்ட் ஆறு மணி நேரமும் போகும், பத்து மணி நேரமும் போகும். பேட்டரி ஒன்று.

"அப்போ பெரிய சர்வரை மறந்துடுங்க. அசல் பேங்க் சர்வரே குடுத்தாலும் உங்க பேட்டரியை நாலு மணி நேரத்துல குடிச்சுடும். அதுக்கப்புறம் இருட்டுதான்." அவர் கை கழுவிவிட்டு, அலமாரியிலிருந்து சாம்பல் நிறப் பெட்டி ஒன்றை ஒரே கையால் எடுத்து வைத்தார். "ஜெர்மனில ஏதோ ஆபீஸ்ல இருந்தது. ஆறு வருஷம் பழசு. ராம் எட்சே சொன்ன மாதிரி, தப்பைத் தானே திருத்திக்கும். மூவாயிரத்து நானூறு."

அகோர்ஃபா தூக்கினார். பழக்கம் விடவில்லை. ஏழு கிலோ. மனசு உடனே வேண்டாம் என்றது.

"லேசா இருக்கே."

"உள்ள கம்ப்யூட்டர் மட்டும்தான் இருக்கு."

அவர் அதைத் திறந்தார். பவர் சப்ளையையும் திறந்தார். கட்டி எதுவும் இல்லை. தூசி இருந்தது. தூசி இருப்பது அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பொய் சொல்கிறவன் துடைத்து வைத்திருப்பான். பிறகு, அப்படி நினைக்கட்டும் என்றுதான் துடைக்காமல் வைத்திருக்கிறானோ என்றும் தோன்றியது.

ஒடார்ட்டே சுவரில் ஒரு சிறிய மீட்டரைச் செருகி, அதில் இயந்திரத்தைச் செருகினார். முப்பத்துநான்கு வாட்.

"மீட்டர் உங்களோடது."

"ஆமா."

"நீங்க சொன்னபடி கேக்கும்."

"அது என் பேச்சைக் கேக்கற ஒரே பொருளா இருந்தா சந்தோஷப்படுவேன்."

அகோர்ஃபா கீழே இறங்கிப்போய், பக்கத்துத் தையற்காரரிடம் இஸ்திரிப் பெட்டியை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். அடியில் ஆயிரம் வாட் என்று எழுதியிருந்தது. அதைச் செருகினார். மீட்டர் தொள்ளாயிரத்து எண்பது காட்டியது. தையற்காரர் பின்னாலேயே மாடியேறி வந்து, "பெட்டி சூடாயிருச்சுன்னா குடுத்துடுங்க ஆன்ட்டி, கல்யாணச் சட்டை காத்திருக்கு" என்றார்.

அடுத்தது டிஸ்க். பழைய டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியது என்று அதற்குள்ளேயே பதிவாகியிருக்கும் என்று எட்சே சொல்லியிருந்தான். அந்த எண்ணை அழித்துவிட்டுப் புதிதுபோல விற்கிறவர்கள் உண்டு என்பதையும் சொல்லியிருந்தான்.

"அழிக்கலாம்தான்," என்றார் ஒடார்ட்டே. "அழிக்கத் தெரிஞ்சவன் இந்தத் தெருவுல ஏழு பேர் இருக்கான். அதுல நானும் ஒருத்தன். அதனாலதான் நான் டிஸ்க் மட்டும் பழசு விக்கறதில்ல. சீல் பிரிக்காத புது எஸ்.எஸ்.டி. டிஸ்க் ரெண்டு தர்றேன். நீங்களே பிரிங்க."

அழிக்கத் தெரியும் என்று ஒரு வியாபாரி தன் வாயாலேயே சொன்னதை எந்தக் கணக்கில் வைப்பது என்று அகோர்ஃபாவுக்குப் புரியவில்லை. சீலைத் தானே பிரித்தார். டிஸ்க்கின் மேல் எழுதியிருக்கும் அளவு உள்ளே உண்மையாக இருக்கிறதா என்று முழுவதும் நிரப்பிப் பார்க்கச் சொன்னார். அதற்கு ஒரு மணி நேரம் ஆனது. பிறகு பென் டிரைவைக் கொடுத்தார்.

அதில் சோதனைக்கான பதிவேடு இருந்தது. உண்மைப் பெயர்களை அக்ராவுக்குக் கொண்டுவர அவருக்கு மனம் வரவில்லை. மூன்று இரவு உட்கார்ந்து, நாலாயிரம் பெயரையும் பைபிளிலிருந்து எடுத்துப் போட்டிருந்தார். தீர்ந்ததும் முதலிலிருந்து.

ஒடார்ட்டே திரையைப் பார்த்தார். "மோசே, ஓ பாசிட்டிவ். யோனா, பி. யூதாஸ் ஏபி பாசிட்டிவா?"

"அவன் ரத்தம் வேற யாருக்கும் ஆகக் கூடாதுன்னு போட்டேன்."

ஒடார்ட்டே அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார்.

அகோர்ஃபா ஒரு புதிய பெயரைப் பதிந்தார். பதிந்த கையோடு சுவரிலிருந்து ஒயரை உருவினார். மறுபடி செருகினார். இயந்திரம் எழுந்தது, பெயர் இருந்தது. இப்படிப் பன்னிரண்டு தடவை. பிறகு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்க்கைக் கழற்ற வேண்டும் என்றார். ஒடார்ட்டே வலது பக்க டிஸ்க்கை நோக்கிக் கையை நீட்டினார். "இருங்க. இடது பக்கம்," என்று அகோர்ஃபாவே கழற்றினார். மோசேயும் யோனாவும் இருந்த இடத்தில் இருந்தார்கள். திரும்ப மாட்டிவிட்டு, வலது பக்கத்தையும் கழற்றிப் பார்க்க வேண்டும் என்றார்.

"முதல்ல இடது பக்கத்துல எல்லாம் திரும்ப ஏறட்டும் மேடம். இல்லன்னா மோசேயைக் கொன்ன பாவம் உங்களுக்குத்தான்."

மூன்றரை மணிக்கு எல்லாம் முடிந்தது. இரண்டு டிஸ்க், கூடுதல் ராம், சின்ன யு.பி.எஸ். ஒன்று, எல்லாம் சேர்த்து ஆறாயிரத்து முந்நூறு. அகோர்ஃபா முடிச்சை அவிழ்க்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எட்சேக்கு எவ்வளவு?"

"இருநூறு," என்றார் ஒடார்ட்டே, நேரம் கேட்டதற்குச் சொல்வதுபோல. "ஆள் அனுப்பறவங்க எல்லாருக்கும் குடுக்கறதுதான். ஊர் வழக்கம்."

தான் சந்தேகப்பட்டது சரிதான். காலையிலிருந்து முதல் தடவையாக அகோர்ஃபாவுக்கு நிம்மதியாக இருந்தது.

"எட்சே என்னை அனுப்பல. நான் முதல்ல வேற கடைக்குப் போனேன். அங்க ஏமாத்தப் பாத்தாங்க, அதனால இங்க வந்தேன். என்னை அனுப்பினது ட்வுமாசி."

"அவனுக்கு இருநூறு குடுக்கச் சொல்றீங்களா?"

"அந்த இருநூறுக்கு இதே மாதிரி இன்னொரு பவர் சப்ளை குடுங்க. எங்க ஊர்ல மழைக்காலத்துல முதல்ல சாகறது அதுதான்."

ஒடார்ட்டே அலமாரியைத் திறந்து ஒன்றை எடுத்தார். அகோர்ஃபா அதையும் திறந்து பார்த்தார்.

மீதி இரண்டாயிரத்து இருநூறை மறுநாள் குழுவிடம் திருப்பிக் கொடுத்தபோது, குழுத் தலைவர் பணத்தையும் அவரையும் மாறி மாறிச் சந்தேகமாகப் பார்த்தார். எட்சேயிடம் அகோர்ஃபா எதுவும் சொல்லவில்லை. அவனே ஒரு வாரம் கழித்து வந்து நின்றான்.

"டாவி, என் கமிஷனை பவர் சப்ளையா மாத்திட்டீங்களாம்."

"கமிஷனா? எனக்குத் தெரியாதே. உனக்குக் கமிஷன் உண்டா?"

எட்சே தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான்.

பிப்ரவரி கடைசியில் புதிய இயந்திரம் ஓட ஆரம்பித்தது. எட்டு நிலையங்களின் நர்ஸ்களும் இனி இதைத்தான் பார்ப்பார்கள் என்று எட்சே மாற்றிவிட்டான். பிறகு பழைய கம்ப்யூட்டரின் ஒயரில் கை வைத்தான்.

"விடு," என்றார் அகோர்ஃபா.

"இது எதுக்கு டாவி இன்னும்?"

"ஓடட்டும். ரெண்டு மாசம் ரெண்டுலயும் எழுதிப் பாக்கறேன். இது திடீர்னு என்னத்தையாவது முழுங்கிடுச்சுன்னா?"

"டக்டக்னு அடிச்சுக்கிட்டு இருக்கறது அதுதான். இது சத்தமே போடல."

"சத்தம் போடாததைத்தான் நான் நம்பறதில்ல."

"ரெண்டுலயும் எழுதினா ரெண்டும் வேற வேற ஆயிடும். ஒரு பதிவேடு ஒரு இடத்துலதான் இருக்கணும்."

"என் கை எழுதுது. எப்படி வேற ஆகும்?"

இவனுக்கு அந்தப் பழைய டிஸ்க்கின் மேல் ஏன் இவ்வளவு அவசரம் என்றும் அவர் யோசித்தார். ஆகவே, புதிதாக ரத்தம் கொடுத்தவர்களின் தேதியை அகோர்ஃபா முதலில் பழையதில் பதிந்தார். எட்டு வருடமாகப் பழகிய விசைப்பலகை அதுதான். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்புமுன் அதைப் பார்த்துப் புதியதில் ஏற்றினார். மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் ரத்ததான முகாம். முப்பத்தொரு பேர் கொடுத்தார்கள். திங்கட்கிழமை காலை அத்தனையும் பழையதில் ஏறியது. அன்று சாயங்காலம் இருபத்தாறாவது பெயரைப் புதியதில் பதிந்துகொண்டிருந்தபோது, புறநோயாளிப் பிரிவில் கோப்பு காணவில்லை என்று அவரைக் கூப்பிட்டார்கள். போனார், கண்டுபிடித்துக் கொடுத்தார், அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார்.

ஏப்ரல் 6, ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன். மதியம் இரண்டு மணிக்கு அவேமே சுகாதார நிலையத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் ஆகி ரத்தம் நிற்கவில்லை. ஓ நெகட்டிவ். காலையிலிருந்தே கரண்ட் இல்லை. புதிய இயந்திரம் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. நர்ஸ் கைபேசியில் தேடினார். அவேமேயில் ஓ நெகட்டிவ் இரண்டு பேர்: பள்ளி ஆசிரியர் க்பெக்கு, ஒரு தையல்காரப் பெண். ஆசிரியர் கடைசியாகக் கொடுத்தது முந்தைய அக்டோபரில் என்று இருந்தது. டாக்ஸியில் ஓர் இடம்தான் மிச்சம். ஆசிரியரை ஏற்றினார்கள்.

ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கும் எடினாம் ஆசிரியரின் சட்டைக் கையை மடித்தபோது முழங்கை மடிப்பைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"மாஸ்டர், போன மாசம் சர்ச்சுல குடுத்தீங்கள்ல? நான்தானே எடுத்தேன்."

"ஆமா. நர்ஸம்மா கூப்பிட்டாங்க, வந்தேன். என்கிட்ட வேற எதுவும் கேக்கல. பரவால்ல, எடுங்க."

"எடுக்க முடியாது. இருபத்தஞ்சு நாள்தான் ஆகுது. வந்ததும் விரல்ல குத்திப் பாத்தேனே, ரத்தம் தண்ணியா இருக்கு."

குளிர்பெட்டியில் ஓ நெகட்டிவ் ஒரே ஒரு பை இருந்தது. அது ஏறிக்கொண்டிருந்தது. அவேமேக்குத் திரும்பப் போன் போட்டு, தையல்காரப் பெண்ணைக் கண்டுபிடித்து, மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வர நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடமும் அகோர்ஃபா ஆய்வக வாசலில் நின்றிருந்தார். அவருக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. ரத்தம் ஏறிக்கொண்டிருந்தவளின் தாய் சுவரோரம் உட்கார்ந்து, அகோர்ஃபாவை டாக்டர் என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவை அவர் திரும்பும்போதும் எழுந்து நின்றாள்.

தையல்காரப் பெண்ணின் ரத்தம் மூன்று மணி ஐம்பது நிமிடத்துக்கு ஏற ஆரம்பித்தது. ஐந்து மணிக்கு ரத்தப்போக்கு நின்றது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

எடினாம் கை கழுவிக்கொண்டே கேட்டாள்: "டாவி, புது மெஷின் தகராறு பண்ணுதா? முகாம் தேதி ஏறவே இல்லையே."

எட்சேயும் அங்கேதான் இருந்தான். அகோர்ஃபா பதிவு அறைக்குப் போனார். அவனும் போனான். அவர் இரண்டு திரையிலும் க்பெக்குவின் பெயரைத் திறந்து வைத்தார். பழையதில் மார்ச் 12. புதியதில் அக்டோபர். பிறகு கீழே இறங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகாமில் கொடுத்த கடைசி ஐந்து பேர் புதியதில் இல்லை. இருபத்தாறோடு நின்றிருந்தது.

எட்சே எதையாவது சொல்லுவான் என்று அவர் காத்திருந்தார். சொன்னால், அவன் இதற்குத்தான் காத்திருந்தான் என்று நினைத்துக்கொள்ளலாம். அவன் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "பேரைப் படிங்க டாவி, நான் அடிக்கறேன்" என்றான்.

ஐந்து பேரையும் ஏற்றினார்கள். புதியது ஓட ஆரம்பித்த நாளிலிருந்து எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்றார் அகோர்ஃபா. பார்த்ததில் இன்னும் இரண்டு பேர் சிக்கினார்கள். இரண்டும் அவர் கை ஏற்ற மறந்தவை. ஒயரை யாரும் பிடுங்கவில்லை, டிஸ்க் எதையும் முழுங்கவில்லை, அக்ராவில் யாரும் எதையும் அழிக்கவில்லை. பிப்ரவரியிலிருந்து அவர் ஒவ்வொருவரையும் துருவிப் பார்த்திருந்தார். தன்னை மட்டும் பார்க்கவில்லை.

"நாளைக்கு லீவு," என்றான் எட்சே. "திங்கட்கிழமையும் லீவு."

"செவ்வாய்க்கிழமை வந்து பழசை நிறுத்து. காலைல எட்டு மணிக்கு. நான் பக்கத்துல இருப்பேன்."

"பக்கத்துல இருந்து என்ன பண்ணுவீங்க?"

"நீ எந்த ஒயரைப் பிடுங்கறன்னு பாப்பேன்."

ஏப்ரல் 11, செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குப் பழைய கம்ப்யூட்டர் அணைக்கப்படுகிறது. அன்றிலிருந்து கபாண்டு மருத்துவமனையின் ரத்தப் பதிவேடு ஒரே இயந்திரத்தில் இருக்கும். ஒவ்வொரு நாளின் பதிவையும் மறுநாள் காலை எடினாம் ஆய்வகக் குறிப்பேட்டோடு ஒப்பிட்டுக் கையெழுத்திடுவாள்.